பி.பி. நம்பர் வீடு

நவம்பர் 24, ஞாயிறு

போன் பில்லோடு ஒரு துண்டுத்தாளும் வந்தது. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து நம் ஊருக்கென்று இருந்த தனி எஸ்.டி.டி. கோடு நம்பர் கிடையாதாம். ஜில்லா முழுவதற்கும் ஒரே கோடு. அது போதாதென்று எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு 2 சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். பழைய நம்பரை அடித்தால் கொஞ்ச நாளைக்கு ஒரு பெண்குரல் விவரம் சொல்லும். பிறகு அதுவும் நின்றுவிடும்.

இவர் படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு சிவகாமு. புது நம்பரை ஒருத்தருக்கும் சொல்லாத. விட்டது சனியன்."

இவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தெருவில் முதலில் போன் வந்தது எங்கள் வீட்டுக்கு. ஏழு வருஷம் காத்துக்கிடந்து வாங்கினோம். வந்த மறுவாரமே தெருவில் உள்ள அத்தனை பேரும் கல்யாணப் பத்திரிகையிலும் கடை போர்டிலும் எங்கள் நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக்கொண்டார்கள். போன் இல்லாதவர்கள் போன் உள்ள வீட்டு நம்பரைக் கொடுத்தால் அப்படிப் போட வேண்டுமாம். பி.பி. என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பது வருஷமாக ஈ.பி. ஆபீஸில் பேனா பிடிக்கும் இவருக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு எழுத்துக்காக நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். அடுப்பில் பால் இருக்கும். போன் அடிக்கும். வாசலுக்குப் போய், "ஏ தங்கையா, மதுரைலேருந்து போனு!" என்று கத்திவிட்டு வருவதற்குள் பால் பொங்கியிருக்கும்.

இந்த டைரி சிமெண்டுக் கடைக்காரர் கொடுத்தது. வருஷம் முழுக்கச் சும்மா கிடந்தது. யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று குறித்து வைக்க எடுத்தேன். இவர் சிரித்துக்கொண்டு போகட்டும். சொல்லாமல் விடுவது பாவம்.

எதிர் வீட்டுக்குச் சொல்கிற கடமை மட்டும் எனக்கில்லை. பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷமாகிறது. சாக்கடைத் தண்ணீர் தகராறு.

நவம்பர் 26, செவ்வாய்

தங்கையாவுக்குத்தான் பெரிய அடி. மைக்செட் கடை. போன மாதம்தான் எங்கள் நம்பரைப் போட்டு புது பில்புத்தகம் அச்சடித்து வந்திருக்கிறான். "அக்கா, ஒரு வார்த்த முன்னாலயே சொல்லப்பிடாதா?" என்று என்னைக் கேட்கிறான். கோடு மாற்றுகிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டா மாற்றுகிறார்கள்? வேனும் ஜெனரேட்டரும் வாங்கினவனுக்கு ஒரு போன் வாங்கத் தெரியவில்லை. "இப்பத்தான் கேட்ட பத்து நாள்ல குடுக்கானே, நீயே ஒண்ணு வாங்கேன்" என்றேன். "நீங்க இருக்கையில எனக்கு எதுக்குக்கா?" என்றான். அதைக் கேட்டபோது உள்ளுக்குள் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

உட்கார்ந்து ஒவ்வொரு பில்லிலும் பேனாவால் 2 போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாயிற்று. அவர்களுக்கெல்லாம் கவலை இல்லை. பிள்ளைகள் மதுரையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு கார்டு போட்டால் போதும்.

பாண்டி கதை வேறு. எதிர் வீட்டுப் பிரமுவின் மகன், இசக்கிப்பாண்டி. போர்வெல் போடுகிற லாரியில் வேலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். இன்றைக்கு ஒரு காட்டில் துளை போட்டால் நாளைக்கு எங்கேயோ. விலாசம் என்று ஒன்று கிடையாது. கடுதாசி எழுதுகிற வழக்கமும் அவனிடம் இல்லை. எங்காவது டவுன் பக்கம் வண்டி வந்தால் பூத்தில் இறங்கி இங்கே அடிப்பான். தீபாவளிக்கு முன்னால் பேசினபோது, "இந்த வண்டிய ஓனர் விக்கப் போறாரு அத்தை. ஒரிசாப் பக்கம் வேற வண்டிக்குப் போனாலும் போவேன்" என்றான். அவ்வளவுதான். அப்புறம் பேச்சில்லை.

அவனைப் பிடிக்க நமக்கு ஒரு வழியும் கிடையாது. நம்மைப் பிடிக்க அவனுக்கு இருப்பது இந்த ஒரு நம்பர்தான். அதுதான் மாறப்போகிறது.

எனக்கென்ன வந்தது. பெற்றவள் கவலைப்படட்டும். நிலவரத்தைத்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 30, சனி

நேற்று எழுதினதைப் படித்தால் பாண்டி போனை நான் பிரமுவுக்கு எப்படிச் சொல்கிறேன் என்று யாருக்கும் சந்தேகம் வரும். பேச்சுவார்த்தை இல்லை என்றால் இல்லைதான். ஆனால் போன் வேறு, பேச்சு வேறு. வாசலில் நின்று, தெருவைப் பார்த்து, "பாண்டி போனு!" என்று கத்துவேன். அது அவளிடம் பேசினதாகாது. அவள் பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வருவாள். அவன் ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்ப அடிப்பான். அதுவரைக்கும் போன் பக்கத்து நாற்காலியில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவேன். பேசி முடித்ததும் போய்விடுவாள்.

அந்தப் பையனுக்கு இந்தச் சண்டை தெரியாது. நானும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. "அம்மையும் நீங்களும் சினிமாவுக்குப் போனியளா அத்தை?" என்று கேட்பான். போனோம் என்பேன். அவளிடமும் கேட்பான் போல. அவளும், "ஆமா, போனோம்" என்று சொன்னது அடுப்படிக்குக் கேட்டது.

முதல் தடவை அடிக்கும்போது உடனே வைக்கமாட்டான். சாப்பிட்டியளா, முட்டுவலி எப்படி இருக்கு, மாமா வேட்டிய இன்னும் நீங்கதான் தொவைக்கியளா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைப்பான். அவன் காசு, அவன் செலவு. நான் ஒன்றும் பிடித்து வைப்பதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். பிரமு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பால்காரி மாரி வந்தாள். நான் மாரியைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "ஜனவரியோட இந்த நம்பர் சோலி முடிஞ்சுது கேட்டியா! அதுக்கப்புறம் இங்க அடிச்சா ஒருத்தனுக்கும் கெடைக்காது. வேணுங்கிறவ இப்பமே வாயத் தொறந்து கேட்டுக்கிடணும். வீடு வீடா வந்து ஊட்டிவிட நான் என்ன ஆயாவா?" என்றேன்.

மாரி பாவம், பால் சொம்போடு முழித்தாள். அவள் வீட்டில் போன் பண்ண ஆளே கிடையாது.

ஜாடை போட்டால் பிரமுவுக்குப் புரியும். அந்தக் கலையில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. போன கார்த்திகைக்குக் கோழியை ஏசுகிற சாக்கில் என்னை ஏசினவள். சாயங்காலத்துக்குள் ரோஷத்தை விட்டு வந்து கேட்பாள். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நம்பரை ஒரு தாளில் எழுதியும் வைத்தேன்.

டிசம்பர் 4, புதன்

கேட்க வரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

இவர் சாப்பிடும்போது, "நீயே போயி ஒரு வார்த்த சொன்னா என்ன? கிரீடம் எறங்கிருமா?" என்றார்.

"அவ வந்து கேக்கட்டும்."

"ஒரு சாக்கடைத் தண்ணிக்கு ரெண்டு வருசமா?"

நான் ரசத்தை ஊற்றினேன். அவர் இலையில் அது ஓடி அப்பளத்தை நனைத்தது. நனைந்ததையே எடுத்துச் சாப்பிட்டார். சாக்கடைத் தண்ணீர் இல்லை என்று அவருக்கும் தெரியும். இத்தனை நாளாகத் தெரியாத மாதிரியே இருந்துவருகிறார். நல்ல மனுஷன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் தெரு முழுக்கத் தலைகள் குனிந்திருக்கின்றன. என் வாசலுக்கும் பிரமு வாசலுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு கோலம் போட்டோம். அவள் தாமரை போட்டிருந்தாள். இதழ் ஒன்று கோணல்.

மத்தியானம் ஏணி உரசுகிற சத்தம். போன் லைன்மேன் அந்தோணி. நம் கம்பத்திலிருந்து கம்பி இழுத்து எதிர் வீட்டுக் கூரையில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

பிரமு போன் வாங்குகிறாள்.

டிசம்பர் 18, புதன்

நல்லதுதான். என் தலைவலி ஒன்று குறைந்தது. இனி பாண்டி நேரே அங்கே பேசிக்கொள்வான். என் பால் பொங்காது.

குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

அந்தோணியைக் கூப்பிட்டு மோர் கொடுத்தேன். வெயிலுக்கு யாருக்கும் கொடுப்பதுதான். மார்கழியிலும் வெயில் அடிக்கிறது.

"அந்த அக்காவுக்கு இன்னைக்கே டோன் வந்துட்டு" என்றான். "நம்பர் இப்பமே ரெண்டோட ஆறு எண்ணாத்தான் குடுத்திருக்கு. வெளியூர்லேருந்து புதுக் கோடு போட்டுக் கூப்பிடலாம்."

"இருந்தாப்புல இருந்து என்ன போன் ஆசை?"

"ஆசையா? அழாத கொறையா ஆபீஸுக்கு நடந்தாவ. எதிர் வீட்ல இனிமே பி.பி. கெடையாதுன்னு சொல்லிட்டாவ, எம்பிள்ள போனு பண்ணா எடுக்க ஆளில்லன்னு ஒரே பொலம்பல்."

டம்ளரை வாங்கிக் கழுவினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. வந்து கேள் என்று நான் போட்ட ஜாடை, வராதே என்று அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜாடையில் கெட்டிக்காரி என்று நினைத்தேனே!

ஆனால் நான் பேசினதைத் திரும்ப நானே சொல்லிப் பார்க்கிறேன். ஒருத்தனுக்கும் கிடைக்காது. நான் என்ன ஆயாவா. யார் கேட்டாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

பிரமு வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கும். நடுவீட்டில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து, சிவப்பு நிறத்தில் போன். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நடுநடுவே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறாள்.

அது எப்படி அடிக்கும்? அந்த நம்பர் பாண்டிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது என் நம்பர். அதுவும் ஒன்றாம் தேதியோடு செத்துப்போகும். அதற்குள் அவன் இங்கே அடித்து, நான் சொன்னால்தான் உண்டு. நான் சொல்வதற்கோ அவள் நம்பர் எனக்குத் தெரியாது. அவள் வந்து சொல்லப்போவதுமில்லை. போன் கொடுக்கமாட்டேன் என்றவளிடம் எந்த முகத்தோடு வருவாள்?

சரி, சாக்கடைத் தண்ணீரை எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாண்டி ஊரைவிட்டுப் போன புதிது. ஒரு நாள் போன் வந்தது. பிரமு குழாயடியில் இருந்தாள். அவள் வந்து சேர நேரமாயிற்று. நானும் அவனும் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே சாப்பாடு சரியில்லை என்றான். கோதுமை மாவில் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வந்து ரிசீவரை வாங்கும்போது அவன் கையில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது. "எம்பிள்ளகூட ஒனக்கு என்ன அம்புட்டுப் பேச்சு? வயித்துல சொமந்தது நானா நீயா?" என்றாள். வாசலில் நின்று சொன்னாள். தெருவே கேட்டது.

எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைத் தெருவில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்று ராத்திரி அழுதேன்.

டிசம்பர் 25, புதன்

நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. முட்டுவலி என்று சொல்லி இவரை மட்டும் அனுப்பினேன். வலி இருக்கத்தான் செய்கிறது. போன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

மூன்று போன் வந்தது. மூன்றும் தங்கையாவுக்கு. பஜனைக்கு மைக்செட்.

டிசம்பர் 27, வெள்ளி

அடிக்கவில்லை.

டிசம்பர் 28, சனி

அந்தோணியிடம் அவள் நம்பரைக் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டால் அவளிடம் போய்ச் சொல்லிவிடுவான். வேண்டாம்.

பிறகு இவரைக் கேட்டுவரச் சொன்னேன். "நான் எதுக்கு? வாயி ஒனக்குத்தான இருக்கு" என்றார்.

டிசம்பர் 29, ஞாயிறு

விடியற்காலையில் கதவைத் திறந்தேன். பிரமு எனக்கு முன்னால் எழுந்து கோலம் போட்டு முடித்து உள்ளே போய்விட்டிருந்தாள். எட்டுப் புள்ளி சிக்குக்கோலம். அதன் கீழே, நடுத்தெருவில், கோலமாவால் பெரிதாக ஆறு எண்கள் எழுதியிருந்தது. 2-இல் ஆரம்பித்தது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. வருஷம் பிறக்கப்போகிறது, ஏதோ வாழ்த்து எழுதியிருக்கிறாள் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அந்த எண்கள் என் வாசற்படியிலிருந்து நேராகத் தெரிகின்றன. அவள் வாசலில் நின்று எழுதியிருந்தால் எனக்குத் தலைகீழாகத் தெரிய வேண்டும். என் பக்கம் வந்து, என் வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து எழுதியிருக்கிறாள். நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டைரியைக் கொண்டுவந்து வாசலிலேயே நின்று குறித்துக்கொண்டேன். ஒரு எண் சரியாக வரவில்லை, அடித்துத் திருத்தினேன். இதைவிட அவள் எப்படிக் கேட்க முடியும்? நான் பால்காரியைப் பார்த்துக் கத்தினதற்கு இது எவ்வளவோ மேல்.

பிறகு என் வாசலில் கோலம் போட்டுக் காவி இட்டேன். காவி மிச்சம் இருந்தது. அதை அந்த எண்களைச் சுற்றியும் ஓட்டிவிட்டேன். சைக்கிளில் போகிறவன் பார்த்து ஓரமாகப் போகட்டும் என்றுதான்.

தங்கையா வந்து, "என்னக்கா, சீட்டு நம்பரா? விழுமா?" என்றான். "விழும் விழும், சோலியப் பாரு" என்று விரட்டினேன்.

டிசம்பர் 30, திங்கள்

இன்றும் எழுதியிருந்தாள். நேற்றைவிடப் பெரிதாக. நானும் காவி இட்டேன்.

போன் இல்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

கடைசி நாள். காலையிலிருந்து அடுப்பைப் போன் பக்கம் தூக்கி வைக்காத குறை. குளிக்கப் போகும்போது இவரை உட்கார வைத்துவிட்டுப் போனேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொழுந்தன் அடித்தான், ஈ.பி. ஆபீஸ் சூப்பரண்டு அடித்தார், தங்கையாவுக்குக் கோயில் தர்மகர்த்தா அடித்தார். ஒவ்வொரு தடவையும் எதிரே பிரமு எழுந்து நிற்பது ஜன்னல் வழியே தெரியும். நான் தெருவுக்கு வந்து "பாண்டி" என்று கூப்பிடாவிட்டால் திரும்ப உட்கார்ந்துகொள்வாள்.

இருட்டின பிறகு அவள் கதவைச் சாத்தவில்லை. நானும் சாத்தவில்லை. இவர், "பனி எறங்குது, ரெண்டு பேரும் கோட்டிக்காரியளா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

ஜனவரி 1, புதன்

பெரிய கடைத்தெரு பூத்துக்குப் போய் என் பழைய நம்பரை நானே அடித்துப் பார்த்தேன். ஒரு பெண்குரல். தமிழில் சொல்லிற்று, இங்கிலீஷில் சொல்லிற்று. வெளிமாநிலத்திலிருந்து அடித்தால் இந்தியிலும் வருமா என்று பூத்துக்காரரைக் கேட்டேன். "வரும்னுதான் நெனைக்கேன், எதுக்குக் கேக்கிய?" என்றார். "சும்மாத்தான்" என்றேன்.

வருகிற வழியில் கண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே நடந்தேன். ஏதோ ஒரு காட்டோரத்துப் பூத்தில் அந்தப் பையன் நின்று அடிக்கிறான், யாரோ ஒருத்தி அவனிடம் இந்த நம்பர் இல்லை என்கிறாள் என்று நினைத்தால் தாங்கவில்லை. எனக்கு அவன் யார் என்று கேட்டால் ஒன்றுமில்லைதான். எதிர் வீட்டுப் பையன். ஆனால் தாங்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

இன்னும் எழுதுகிறாள். இன்னும் காவி இடுகிறேன். தெருப் பெண்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள். பால்காரி மாரி மட்டும் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பாலை ஊற்றிவிட்டுப் போனாள்.

இன்று என் வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தவள் நான் கதவைத் திறந்ததும் நிமிர்ந்து திரும்பினாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சொல்ல வாய் வந்தது. என்ன சொல்ல? "அடிக்கலையே" என்று சொல்லவா? அது அவளுக்குத் தெரியாததா? அவள் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 8, புதன்

இன்று சாயங்காலம் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

விளக்கேற்றிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. தங்கையாவுக்காக இருக்கும் என்று ஈரக்கையோடு எடுத்தேன்.

"அத்தை! என்ன அத்தை, போனைக் கொண்டுபோயி எங்க ஒளிச்சு வச்சிய?"

"ஏ பாண்டி, எங்கல இருக்க?" என்று கத்தினேன்.

"ஒரிசா அத்தை. புது வண்டி. காட்டுக்குள்ள துளையில கம்பி மாட்டிக்கிட்டு, பத்து நாளா வெளிய வர முடியல. இன்னைக்குத்தான் டவுனுக்கு வந்தேன். அடிச்சா ஒரு பொம்பள இந்தியில என்னமோ சொல்லுதா. மொதத் தடவ ஒண்ணும் விளங்கல. மூணு தடவ கேட்டுத்தான் கோடு நம்பரை மாத்தி, முன்னால ரெண்டு போட்டு அடிச்சேன். நான் வேற பயந்துபோயிட்டேன், ஒங்களுக்கு என்னமும் ஆயிட்டோன்னு."

"எனக்கென்னல ஆகப்போகுது, கல்லு மாதிரி இருக்கேன். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். முட்டு எப்படி இருக்கு?"

"அது கெடக்கு. நீ மொதல்ல ஒரு நம்பர் எழுது. ஒங்க அம்மா போனு வாங்கிட்டா."

"அம்மையா? போனா?"

டைரியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து நாளாகக் காவி இட்ட எண்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னான்.

"இனிமே நேரா அங்கயே அடி. நடுவுல நான் எதுக்கு? காசு மிச்சம். இப்பமே அடி, ஒங்க அம்மா காத்துக் கெடக்கா. வைக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குமேல் நின்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர் வீட்டில் மணி அடிக்கிறது கேட்டது. பிரமு "அலோ, அலோ" என்று அலறினாள். பிறகு ஒரே அழுகை. நான் அடுப்படிக்கு வந்து களைந்த அரிசியையே திரும்பக் களைந்தேன். காரியம் முடிந்தது. பெற்றவளும் பிள்ளையும் சேர்ந்தாயிற்று. நான் அழவில்லை என்று எழுதினால் பொய். அவன் கிடைத்த சந்தோஷம் பாதி. இனிமேல் என் வீட்டு மணி தங்கையாவுக்கு மட்டும்தான் அடிக்கும் என்பது மீதி.

வாசலில் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"மைனி! மைனி!"

பிரமு. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் வீட்டு நடையில் நின்று என்னைக் கூப்பிடுகிறாள். தலை கலைந்து, மூக்குச் சிவந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"மைனி, வாங்க. வெரசா வாங்க. லைன்ல நிக்கான்."

"நான் எதுக்கு? இப்பத்தான பேசினேன்."

"என்கிட்ட என்னத்தப் பேசுதான்? நல்லாருக்கியாம்மான்னான், நல்லாருக்கேன்னேன். அழுதேன், அழாதன்னான். அதோட முடிஞ்சிட்டு. அத்தை பாதியில வச்சுட்டாவ, குரலு ஒரு மாதிரி இருந்துது, கூட்டிட்டு வான்னு நிக்கான். எனக்கு அவன்கிட்ட என்ன கேக்கணும்னே தெரியாது மைனி. நீங்க பேசி வச்ச பொறவுதான் நான் எப்பமும் பேசியிருக்கேன். வாங்க, காசு ஓடுது."

நான் நின்றேன். அவள் என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னது சொல்லக்கூடாத சொல்லு. வயிறெரிஞ்சு சொல்லிட்டேன். எம்பிள்ள என்கிட்ட பேசாததெல்லாம் ஒங்ககிட்ட பேசுதானேன்னு வயிறெரிஞ்சு போச்சு" என்றாள்.

"அதுக்கு இப்பம் என்ன, வா" என்றேன்.

செருப்புப் போடவில்லை. தெருவைத் தாண்டி இரண்டு பேரும் ஓடினோம். எனக்கு முட்டு வலித்ததா என்றுகூட ஞாபகம் இல்லை. தங்கையா கடை வாசலில் நின்று, "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான்.

"மைனிக்குப் போனு வந்திருக்குடே!" என்று பிரமு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

இந்தத் தெருவில் எத்தனையோ பேரை அவரவர் வாசலில் போய் நின்று கூப்பிட்டிருக்கிறேன். என்னைத் தேடி ஒருத்தி ஓடிவந்து, உங்களுக்குப் போன் என்று கூப்பிட்டது இன்றைக்குத்தான்.